ஆறு கால் காளை

என் வீட்டுக்காரருக்கு எந்த மிருகத்தையும் மிருகமாகப் பார்க்கத் தெரியாது. பல்லி கத்தினால் அவருக்கு அது பல்லி இல்லை, காலத்தின் குரல். பூனை அடுப்படிக்குள் வந்து பாலைக் குடித்துவிட்டுப் போனால் அது பூனை இல்லை, மறைபொருளின் குறியீடு. நான் துடைப்பத்தோடு பூனையைத் துரத்திக்கொண்டு ஓடுவேன், அவர் பின்னாலேயே குறிப்பேட்டோடு ஓடிவருவார்.

தண்டலத்தில் ஒரு கல்லூரியில் அவர் நூலக உதவியாளர். இருபத்திரண்டு வருஷமாகப் புத்தகம் அடுக்குகிறார். அடுக்குகிறவர் அடுக்கிவிட்டு வீட்டுக்கு வரவேண்டியதுதானே? ஒவ்வொன்றாகப் பிரித்துப் படித்திருக்கிறார். அதில் ஒன்று, மலைப் பாறைகளில் ஆதிமனிதர்கள் செதுக்கி வைத்த விலங்குகளைப் பற்றியது. அன்றைக்குப் பிடித்தது சனி. காளை என்றால் வலிமை, மான் என்றால் செழிப்பு, பறவை என்றால் உடம்பை விட்டுப் பறக்கிற உயிர் என்று பாடமாக ஒப்பிப்பார். ஞாயிற்றுக்கிழமையானால் பைக்கை எடுத்துக்கொண்டு ஏதாவது ஒரு மலைக்குக் கிளம்பிவிடுவார். சாயங்காலம் முழங்காலில் சிராய்ப்பும் போனில் நூறு போட்டோவுமாகத் திரும்புவார். ஸ்ரீபெரும்புதூரில் எங்கள் வீட்டு ஹாலில் சாமி படத்தைவிடப் பாறைப் படம் அதிகம். புதிதாக வருகிற சொந்தக்காரர்கள் அதைப் பார்த்துவிட்டு, சுவரில் தண்ணீர் கசிந்து கறை படிந்திருக்கிறது என்று நினைத்துக்கொண்டு, கொத்தனார் நம்பர் கொடுத்துவிட்டுப் போவார்கள்.

நான் ஒரகடத்தில், வண்டிகளுக்கு பிரேக் பாகம் செய்கிற ஒரு கம்பெனியில் இருக்கிறேன். ஃபைனல் இன்ஸ்பெக்ஷன். லைனில் கடைசி மேஜை என்னுடையது. நான் பார்த்துப் பச்சைப் புள்ளி வைத்தால் பீஸ் பெட்டிக்குள் போகும். சிவப்பு வைத்தால் பக்கத்திலிருக்கிற சிவப்புத் தொட்டிக்குப் போகும். பதினெட்டு வருஷத்தில் என் கையைத் தாண்டி ஒரு கெட்ட பீஸ் வெளியே போனதில்லை என்பதில் எனக்குக் கொஞ்சம் திமிர் உண்டு. கொஞ்சம் என்ன, நிறையவே உண்டு. லைனில் எனக்கு ரிஜெக்ட் அக்கா என்று பெயர். என் காதுக்கு எட்டாது என்று நினைத்துக்கொண்டு சொல்கிறார்கள்.

ஒரு தடவை ஆயுத பூஜைக்குக் குடும்பத்தோடு வரச் சொல்லியிருந்தார்கள். ஸ்கிராப் கொட்டுகிற இடத்துக்குப் பக்கத்தில், புதர் ஓரமாக ஒரு போர்டு உண்டு. எழுத்து எதுவும் கிடையாது, படமெடுத்த பாம்பு மட்டும். வேலைக்கு வருகிறவர்களில் பாதிப் பேருக்குத் தமிழ் வாசிக்க வராது என்பதால் அப்படி. என் வீட்டுக்காரர் நேராக அதன் முன்னால் போய் நின்று, செக்யூரிட்டியைக் கூப்பிட்டு, "பாம்பு என்பது மறுபிறப்பின் குறியீடு. தோலை உரித்துப் புதிதாகிறது பாருங்க" என்று ஆரம்பித்தார். செக்யூரிட்டிக்கு முகம் வெளிறிவிட்டது. "இன்னா சார் நீ, பாம்பு கீதுன்னு போர்டு வெச்சிகிறாங்க. மொதல்ல இப்டி வா சார்" என்று கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்து என்னிடம் ஒப்படைத்தார். குறியீடு விஷயத்தில் அன்றிலிருந்து நான் அந்த செக்யூரிட்டி கட்சி.

காளை எங்கள் வீட்டுக்குள் வந்தது அதற்கு அடுத்த வருஷம். உத்திரமேரூர் தாண்டி ஒரு மலை. பெயரைச் சொல்லமாட்டேன். சொன்னால் நாலு பேர் போய், காளைக்குப் பக்கத்தில் இதயம் வரைந்து அம்பு விட்டுத் தங்கள் பெயரைக் கீறிவிட்டு வருவார்கள். ஏற்கெனவே ஒரு ஜோடி கீறியிருக்கிறது. அன்று சாயங்காலம் என் வீட்டுக்காரர் ஹெல்மெட்டைக்கூடக் கழற்றாமல் அடுப்படிக்குள் வந்து நின்றார்.

"ஆறு கால்!" என்றார்.

"யாருக்கு?"

"காளைக்கு! மலை உச்சியில, பாறையில செதுக்கியிருக்கு. நாலு தடவை எண்ணினேன்."

"ஆறு கால்னா எறும்பா இருக்கப்போவுது. நல்லாப் பாத்தீங்களா?"

"எறும்புக்குத் திமில் இருக்குமா?" என்று கேட்டுவிட்டுக் கோபமாக ஹாலுக்குப் போய்விட்டார். ஹெல்மெட் தலையிலேயேதான் இருந்தது.

ஒரு மாசம் அந்த ஆறு காலோடு மல்லுக்கட்டினார். பிறகு ஒருநாள் பொறி தட்டிவிட்டது. நான் துணி மடித்துக்கொண்டிருந்தேன். எதிரில் வந்து உட்கார்ந்து, "கால் என்றால் என்ன?" என்று கேட்டார்.

"நடக்கறது."

"இன்னொரு அர்த்தம்?"

"காலு கிலோ."

நெற்றியில் அடித்துக்கொண்டார். "கால் என்றால் காலம்! தமிழனுக்குப் பெரும்பொழுது எத்தனை? ஆறு. கார், குளிர், முன்பனி, பின்பனி, இளவேனில், முதுவேனில். ஆறு கால், ஆறு காலம். ஒரு முழு வருஷத்தையே தன் உடம்பில் தாங்கிக்கொண்டு நிற்கிற காளை அது!"

பொய் சொல்லக்கூடாது, எனக்குப் புல்லரித்துவிட்டது. கையிலிருந்த துண்டை அப்படியே பிடித்துக்கொண்டிருந்தேன். ஆனால் என் வாய் சும்மா இருக்குமா?

"ஏங்க, அத்த செதுக்கனவனுக்குத் தமிழ் தெரியுமா?"

"என்ன?"

"எழுத்தே வராத காலம்னு நீங்கதானே சொல்வீங்க."

"எழுத்துதான் இல்லை. பேச்சு இருந்தது."

"பேசனது தமிழ்தான்னு உங்ககிட்ட வந்து சொன்னானா? அப்டியே தமிழ்னாலும், ஆறு காலு சேந்தா ஒன்னரை. ஒன்னரைக் காளைன்னு கணக்கு எழுதி வெச்சிட்டுப் போயிருந்தா?"

இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. மூன்றாம் நாள் தோசைக்குச் சட்னி வேண்டியிருந்ததால் பேசினார்.

அதோடு விட்டிருந்தால் இதை எழுத வேண்டிய வேலையே இருந்திருக்காது. வாலாஜாபாத்தில் வரலாற்று ஆர்வலர்கள் கொஞ்சம் பேர் சேர்ந்து ஒரு மன்றம் நடத்துகிறார்கள். அதற்குத் தலைவர், ஓய்வுபெற்ற தலைமை ஆசிரியர் ஒருவர். அவரிடமிருந்து போன் வந்தது. வருடாந்திரக் கூட்டத்தில் இவர் இருபது நிமிஷம் பேச வேண்டும். பேசுகிற கட்டுரையை மன்றம் வெளியிடுகிற புத்தகத்திலும் போடுவார்கள்.

இது அவருக்கு எவ்வளவு பெரிய விஷயம் என்று சொல்லாவிட்டால் மீதிக் கதை விளங்காது. கல்லூரியில் எந்தக் கருத்தரங்கு நடந்தாலும் நாற்காலி போடுவது, திரைச்சீலையை இழுத்துவிடுவது, மேஜைக்கு மேஜை தண்ணீர் பாட்டில் வைப்பது எல்லாம் இவர்தான். மைக் சரிபார்ப்பதும் இவர்தான். இருபத்திரண்டு வருஷத்தில் மைக்கில் இவர் பேசியது ஹலோ, மைக், டெஸ்டிங் என்ற மூன்று வார்த்தைகள். படித்ததையெல்லாம் கேட்பதற்கு நான் ஒருத்தி இருந்தேன், நானும் பாதியில் தூங்கிவிடுவேன். போனை வைத்துவிட்டு, "என்னைப் பேசக் கூப்பிட்டிருக்காங்க" என்று இரண்டு தடவை சொன்னார்.

மறுநாளிலிருந்து ஒத்திகை தொடங்கியது. நான் பீன்ஸ் நறுக்க, அவர் கிரைண்டருக்குப் பக்கத்தில் நின்று "அவையோருக்கு வணக்கம்" என்பார். முதல் நாள் குக்கரில் பன்னிரண்டு விசில் வந்தும் அவர் இன்னும் மானிலிருந்து காளைக்கு வரவில்லை. பருப்பு குழைந்து பாயசமாகிவிட்டது. "ஆறு விசிலுக்குள்ள முடிக்கப் பாருங்க" என்றேன். மானைக் குறைத்தார், பறவையை மொத்தமாக எடுத்தார், காளையை மட்டும் தொடவில்லை. நாலாவது நாள் ஆறாவது விசிலுக்கும் "நன்றி, வணக்கம்" என்பதற்கும் சரியாக இருந்தது.

கூட்டத்துக்கு முந்தின ஞாயிறு, காளையை நல்ல போட்டோவாக எடுக்க வேண்டும் என்றார். காலையில் வெயில் சாய்வாக விழும்போதுதான் செதுக்கல் தெளிவாகத் தெரியுமாம். வெளிச்சத்தை மறைக்கவும் திருப்பவும் வெள்ளைத் துணியை ஒருவர் பிடித்துக்கொள்ள வேண்டுமாம். அன்று எனக்கு ஓவர்டைம் இருந்தது. அதை விட்டுவிட்டு, என் புது பெட்ஷீட்டையும் எடுத்துக்கொண்டு போனேன். அத்தனை வருஷத்தில் அவரோடு நான் மலைக்குப் போனது அதுதான் முதல் தடவை.

ஏறுவது என்றால் என்ன ஏறுவது! படி கிடையாது. முள், சரளை, வழுக்குப் பாறை. பாதி வழியில் நான் உட்கார்ந்து, இந்தச் சம்பந்தத்தைக் கொண்டுவந்த தரகரை மனதாரத் திட்டினேன். அப்போது பார்த்து ஒரு குரங்கு வந்து புளிசோற்றுப் பொட்டலத்தைத் தூக்கிக்கொண்டு ஓடியது.

"குரங்கு என்பது..." என்று ஆரம்பித்தார்.

"சோறு போச்சுன்னு அர்த்தம். நடங்க" என்றேன்.

உச்சிக்குக் கொஞ்சம் கீழே, கூரை மாதிரி நீட்டிக்கொண்டிருந்த பாறைக்கு அடியில் இருந்தது காளை. இரண்டு சாண் அகலம் இருக்கும். உள்ளதைச் சொன்னால், அசந்துபோனேன். முதுகையும் திமிலையும் செதுக்கினவன் ஒரே வளைவில் கொண்டுபோயிருந்தான். கோடு என்று நான் போட்டோவில் நினைத்தது கோடே இல்லை. எல்லாம் குழி. சின்னச் சின்னப் புள்ளிக் குழியாகத் தட்டித் தட்டி, நெருக்கி நெருக்கிக் கோடாக்கியிருந்தான்.

அதைப் பார்த்ததும் என் விரல் தன்னால் போய்விட்டது. சென்டர் பஞ்ச் என்று ஒரு சாமான் உண்டு. கூர் முனையை பாகத்தின் மேல் வைத்துச் சுத்தியலால் ஒரு தட்டுத் தட்டினால் ஒரு புள்ளி விழும். இப்போது மெஷின் ஊசி அந்த வேலையைச் செய்கிறது. நான் சேர்ந்த புதிதில் நாலு வருஷம் பீஸின் மேல் குறி போட்டது கையால்தான். எந்த இடத்தில் கை அலுத்தது, எந்த இடத்தில் நழுவியது, எந்தப் புள்ளி முந்தி, எந்தப் புள்ளி பிந்தி என்று பார்த்ததும் தெரியும். ஒரு குழி மேல் இன்னொரு குழி விழுந்தால், பிந்தி விழுந்தது முழு வட்டமாக இருக்கும். முந்தி விழுந்தது கடித்த பிஸ்கட் மாதிரி ஓரம் போய் நிற்கும். இதில் பெரிய ரகசியம் ஒன்றும் கிடையாது.

ஆறு காலில் நாலு கால் ஆழமாக, குளம்பு வரைக்கும் ஒழுங்காக இருந்தன. முன்பக்கத்து இரண்டு கால்கள் மட்டும் முட்டியோடு நின்றுபோயிருந்தன. தொட்டால் அந்த இடம் வழுவழுவென்று இருந்தது. கல்லை வைத்துத் தேய்த்திருக்கிறான். வயிற்றுக் கோட்டின் குழிகள் அந்த இரண்டு காலின் மேல் ஏறிப் போயிருந்தன, எல்லாம் முழு வட்டம். அதாவது, காலை முதலில் அடித்திருக்கிறான். கழுத்துக்குக் கிட்டே போய்விட்டது, கணக்குத் தப்பிவிட்டது என்று பாதியில் தெரிந்திருக்கிறது. தேய்த்து அழிக்கப் பார்த்திருக்கிறான். முழுசாகப் போகவில்லை. போனால் போகிறது என்று தள்ளி வேறு இரண்டு கால் அடித்து, வயிற்றை முடித்துவிட்டுப் போயிருக்கிறான்.

ரீவொர்க். கண்ணை மூடிக்கொண்டு சொல்வேன். பீஸாக இருந்தால் சிவப்புத் தொட்டியில் போட்டுவிட்டு வேறொன்றை எடுத்திருப்பான், மலையை எங்கே கொண்டுபோய்ப் போடுவது? எனக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. அந்த ஆளின் மேல் ஒரு பிரியமும் வந்தது, பக்கத்து லைன் ஆளைப் பார்த்த மாதிரி.

திரும்பிப் பார்த்தேன். என் வீட்டுக்காரர் பெட்ஷீட்டுக்கு அடியில் மண்டி போட்டு, ஒரு கண்ணை மூடி, நாக்கைத் துருத்திக்கொண்டு போட்டோ எடுத்துக்கொண்டிருந்தார். பண்டிகைக்குப் புதுத்துணி கிடைத்த பிள்ளையின் முகம் அவர் முகத்தில் இருந்தது.

"இன்னா பாக்கற?" என்றார்.

"ஒன்னும் இல்ல. வெயில் ஏறுது, சீக்கிரம் எடுங்க" என்றேன்.

அந்த வாரம் எனக்கு மண்டை காய்ந்தது. அடுப்படியில் அவர் "இரண்டு பனியும் இரண்டு வேனிலும்" என்று முழங்கும்போதெல்லாம் கத்தி கையில் நின்றுவிடும். சொல்லிவிடலாம் என்று வாயைத் திறப்பேன். அவர் புதுச் சட்டையைக் காட்டி, "இந்தக் கலர் மேடைக்குப் பளிச்சுன்னு தெரியுமா?" என்பார். வாயை மூடிக்கொள்வேன். என்ன நஷ்டம் என்று எனக்கு நானே கேட்டுக்கொண்டேன். ஒரு காளைக்கு இரண்டு கால் கூட இருந்தால் யாருடைய பிரேக் பிடிக்காமல் போகப்போகிறது? ஊரில் எத்தனை பேர் எத்தனை மேடையில் என்னென்னவோ பேசுகிறார்கள்.

கம்பெனியிலும் அது வேலையைக் காட்டியது. திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்து ஹாஸ்டலில் தங்கியிருக்கிற பெண் ஒருத்தி என் மேஜைக்கு முந்தின மெஷினில் இருக்கிறாள். புதன்கிழமை ஒரு பீஸைச் சிவப்பில் போட்டேன். "எக்கா, லேசா ஒரு கீறல் தானே. பச்சை வச்சிருங்களேன், இன்னைக்கு டார்கெட் வராதுல்லா" என்றாள். நான் அவளைப் பிடித்து வாங்கு வாங்கென்று வாங்கிவிட்டேன். "லேசுன்னு நீ சொல்ற, நான் சொல்லலாமா? தெரிஞ்சே வுட்டா நான் எதுக்கு இங்க குந்திகினு கீறேன்?" என்று கத்தினது இரண்டு லைன் தாண்டிக் கேட்டது. அவள் கண்கலங்கிப் போய்விட்டாள். மத்தியானம் என் டப்பாவிலிருந்து அவளுக்கு உருளைக்கிழங்கு வறுவல் வைத்தேன். நான் கத்தியது அவளை இல்லை என்று எனக்குத் தெரியும்.

கூட்டம் ஒரு பள்ளிக்கூட ஹாலில். நாற்பது பேர் இருப்பார்கள். பேனரில் இவர் பெயருக்கு முன்னால் 'ஆய்வாளர்' என்று போட்டிருந்தார்கள். பழக்க தோஷத்தில் உள்ளே போனதும் இரண்டு நாற்காலியை நேராக்கினார். தலைமை ஆசிரியர் ஓடிவந்து கையைப் பிடித்து, "நீங்க மேல வாங்க" என்று கூட்டிக்கொண்டு போனார். நான் மூன்றாவது வரிசையில் உட்கார்ந்தேன்.

நன்றாகத்தான் பேசினார். நடுங்கவில்லை. குக்கர் இல்லாததால் முதலில் கொஞ்சம் வேகம் பிடிபடாமல் தடுமாறினார், பிறகு சரியாகிவிட்டது. காளை திரையில் வந்ததும் ஹாலில் ஒரு சலசலப்பு. "ஆறு கால்கள்" என்று சொல்லிவிட்டு நிறுத்தினார். ஒத்திகையில் அந்த இடத்தில் நிறுத்தம் கிடையாது. தண்ணீரை எடுத்து ஒரு வாய் குடித்தார். பிறகு மூன்றாவது வரிசையை, என்னை, நேராகப் பார்த்தார்.

வார்த்தை மறந்துவிட்டது போல, தைரியத்துக்குப் பார்க்கிறார் என்று நினைத்தேன். சிரித்துக்கொண்டு, ம், சொல்லுங்க என்று தலையாட்டினேன்.

அவரும் சொன்னார். கால் என்றால் காலம் என்றபோது கைதட்டல். முடித்தபோது இன்னும் பெரிய கைதட்டல். பின்வரிசையில் கண்ணாடி போட்ட ஒருவர் எழுந்து, "ஐயா, முன்னால் இருக்கிற இரண்டு கால் மட்டும் மங்கலாக இருக்கிற மாதிரி தெரிகிறதே?" என்று கேட்டார். இவர் மறுபடியும் என்னைப் பார்த்தார். நான் குனிந்து செருப்பு வாரைச் சரிசெய்ய ஆரம்பித்தேன்.

"முன்பனி, பின்பனி" என்றார் மைக்கில். "பனிக்காலங்கள் இரண்டும் மங்கலானவைதானே."

ஹாலே எழுந்து நிற்காத குறை. கேள்வி கேட்டவரே கைதட்டினார். பொன்னாடை போர்த்தினார்கள். புத்தகத்தில் இந்தக் கட்டுரைதான் முதலாவதாக வரும் என்று தலைமை ஆசிரியர் அறிவித்தார். ஐந்தாறு பேர் வந்து என்னிடமும் கைகூப்பி, "ரொம்பக் கொடுத்து வெச்சவங்க நீங்க" என்றார்கள். நான் பல்லைக் காட்டிக்கொண்டு நின்றேன்.

திரும்பும்போது பைக்கில் அவர் ஒரு வார்த்தை பேசவில்லை. சாதாரணமாக ஹெல்மெட்டுக்குள்ளிருந்தே மாட்டையும் காக்காயையும் விளக்கிக்கொண்டு வருகிற ஆள். ஒரகடம் கூட்டு ரோட்டில் ஷிப்ட் விடுகிற நேரம், கம்பெனி பஸ் வரிசையாக நின்றது. ஓரத்தில் டீக்கடையில் நிறுத்தினார். தகர மேஜைக்கு எதிரெதிரே உட்கார்ந்தோம்.

"நல்லா பேசினீங்க" என்றேன்.

"மலைல அன்னிக்கு அந்த ரெண்டு கால் மேல விரல வெச்சியே. இன்னா பாத்த?"

"ஒன்னும் பாக்கலியே."

"இந்தா பாரு. கெட்ட பீஸு கண்ணுல பட்டா நீ கீழ் உதட்டக் கடிப்ப. கத்திரிக்கா வாங்கறப்போ கடிப்ப. கட்டிகினு வந்த புதுசுல எங்கம்மா வெச்ச சாம்பாருக்குக்கூடக் கடிச்ச. அன்னிக்கு அந்தக் காளையப் பாத்து கடிச்ச."

இதற்கு மேல் என்ன மறைப்பது? டீயில் விரலைத் தொட்டு, மேஜை மேல் புள்ளி வைத்துக் காட்டினேன். இது முந்தி, இது பிந்தி. இது வயிறு, இது கால். தேய்த்த இடம் இது. அவர் குனிந்து புள்ளிகளையே பார்த்துக்கொண்டிருந்தார். அவை காய்ந்த பிறகும் பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஒரு வாரமா நீயே சொல்வ, சொல்வன்னு பாத்துகினு இருந்தேன்" என்றார்.

"கேக்கவேண்டியதுதானே?"

"கேட்டா சொல்லிடுவியே!"

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவர் சிரிக்கவில்லை.

"மேடைல நின்னு உன்னப் பாத்தேன். அப்பவாவது வேணாம்னு ஒரு சாடை காட்டுவன்னு பாத்தேன். நீ தலையாட்டற."

"உங்களுக்கு எவ்ளோ ஆசைன்னு தெரியாதா? மனசு வரலீங்க."

அவர் பொன்னாடையை எடுத்து மடியில் வைத்து, நாலாக மடித்தார். அவசரமே படாமல் மடித்தார்.

"சூப்பர்வைசர் கெஞ்சினா வுடமாட்ட. லைனே நின்னாலும் வுடமாட்ட. எங்கக்கா மவன் உங்க கம்பெனில செஞ்ச பீஸயே தூக்கி சேப்புத் தொட்டில போட்டவ நீ. அவன் ஒரு வருஷம் நம்ம வூட்டுப் பக்கம் வரல. என்னுத மட்டும் பாஸ் பண்ணிட்ட. அப்ப என்னுது ஒரு பீஸே இல்ல, அப்டித்தானே?"

சுருக்கென்று தைத்தது. நான் பாசம் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். குழந்தை கிறுக்கிக் காட்டினால், ஆகா என்போமே, அதைத்தான் செய்திருக்கிறேன், ஐம்பது வயது மனிதருக்கு, நாற்பது பேர் நடுவில். வெட்கமாக இருந்தது. கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. பக்கத்து மேஜையில் யூனிபார்மோடு உட்கார்ந்திருந்த இரண்டு பையன்கள் வேறு பக்கம் திரும்பிக்கொண்டார்கள்.

முந்தானையால் துடைத்துக்கொண்டு சொன்னேன். "சரி, இப்ப சொல்றேன், கேட்டுக்கோங்க. அந்த ரெண்டு காலும் ரிஜெக்ட். கால்னா காலம்றது ரிஜெக்ட். பனிக்காலம் மங்கலு, மண்ணாங்கட்டின்னீங்களே, அது மகா மட்டமான ரிஜெக்ட். ஆனா அந்த ஆளு தப்பா அடிச்சிட்டு, தேச்சுப் பாத்துட்டு, எந்திரிச்சுப் போவாம மறுபடி குந்தி அடிச்சான் இல்ல? அது அங்க கீது. கையால தொட்டுப் பாத்தேன். அத்த நீங்க எழுதவே இல்ல."

"அத்த எப்டி எழுதறது?"

"நான் காட்டறேன். எழுதறது உங்க வேல."

அவர் சட்டைப் பையிலிருந்து போனை எடுத்தார். கன்டெய்னர் லாரி இரைச்சலில் கேட்காது என்று ஸ்பீக்கரில் போட்டார். தலைமை ஆசிரியர் உற்சாகமாக எடுத்தார். "சொல்லுங்க ஐயா! இங்க எல்லாரும் உங்க காளையைப் பத்தியேதான் பேசிட்டிருக்காங்க."

"சார், அந்தக் கட்டுரையைப் புத்தகத்துல போடாதீங்க."

"ஏன்? அதுதானே முதல்ல வருது!"

"அது தப்பு சார். அந்த ரெண்டு காலும் செதுக்கினவனே அழிச்ச கால். நான் மறுபடி மலைக்குப் போய்ப் பார்த்துட்டு வேற எழுதித் தரேன். அதுக்குள்ள புத்தகம் வந்துடும்னா பரவாயில்லை, என்னுது இல்லாமலே வரட்டும்."

"அழிச்ச காலா? இவ்வளவு நேரம் கழிச்சு யார் சொன்னது உங்களுக்கு?"

"எங்க வூட்ல."

"அம்மாவா?" தலைமை ஆசிரியர் குரலில் திடீரென்று ஒரு மரியாதை ஏறியது. "தெரியாம போச்சே. அவங்க தொல்லியல் துறையிலா இருக்காங்க?"

அவர் என்னைப் பார்த்தார். முதுகை நிமிர்த்தி உட்கார்ந்துகொண்டார்.

"இல்ல சார்" என்றார், டீக்கடை முழுக்கக் கேட்கிற மாதிரி. "ஃபைனல் இன்ஸ்பெக்ஷன்."